கால் எலும்பில் ஒரு தாடை
வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஆறாத வாய்ப் புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறு விஷயத்தைக் கேட்கின்றன. தாடை எலும்பை எடுத்தவர்கள், எடுக்கவேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், விபத்திலும் போரிலும் முக எலும்பை இழந்தவர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அவர்களுக்கே. முகம், தாடை சத்திரசிகிச்சை செய்து ஓய்வுபெற்றவள் நான். எல்லாருக்கும் பொதுவாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எலும்பை எடுக்கும் நாளுக்கு முன்பே, அந்த இடத்தில் எதை வைத்துக் கட்டப்போகிறார்கள், பல் எப்படி வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே உள்ள பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. கடற்றொழில். சில வருடங்களாக வலப்பக்கக் கீழ்த்தாடை வீங்கிக்கொண்டே வந்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டார். இப்போது கொடுப்புப் பல் இரண்டு ஆடுகிறது. சதை எடுத்துச் சோதித்துவிட்டு, 'அமெலோபிளாஸ்டோமா, புற்றுநோய் இல்லை, ஆனால் அந்தப் பக்கத் தாடையை எடுக்கவேண்டும், காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்போம்' என்கிறார்கள். இவர் ஒரே பிடியாக மறுக்கிறார். 'புற்றுநோய் இல்லையென்றால் சுரண்டி எடுக்கட்டும். காலை வெட்டிக் கொடுத்துவிட்டு வள்ளத்தில் எப்படி நிற்பது?' என்று கேட்கிறார். நான் என்ன சொல்வது, டொக்டர்?
– வாசகி, திருக்கடலூர்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. நானும் கடற்கரையில் பிறந்தவள்தான். அலையில் ஆடுகிற வள்ளத்தில் நின்று வலை இழுப்பவருக்குக் கால்தான் முதலீடு. அதனால் காலில் இருந்தே தொடங்குகிறேன்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. முன்னால் கையை வைத்தால் தட்டுப்படுகிற பெரிய எலும்புதான் உடம்பின் பாரத்தைத் தாங்குவது. அதற்கு வெளிப்பக்கமாக, சதைக்குள் ஒளிந்தபடி ஒரு மெல்லிய நீள எலும்பு ஓடுகிறது. அதைத்தான் எடுப்பார்கள். அதையும் முழுதாக எடுப்பதில்லை. கணுக்கால் மூட்டு உறுதியாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கீழே ஆறு ஏழு சென்ரிமீற்றரை விட்டுவைப்பார்கள். மேலே முழங்காலுக்குப் பக்கத்தில் பாதத்தை நிமிர்த்துகிற நரம்பு அந்த எலும்பைச் சுற்றி வருவதால் அங்கும் ஒரு துண்டு அப்படியே இருக்கும். நடுப்பகுதி மட்டும் வெளியே வரும். ஆறிய பிறகு அவர் நடப்பார், படியேறுவார், வள்ளத்திலும் நிற்பார். ஆனால் எதுவுமே தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்குக் கணுக்கால் கொஞ்சம் விறைத்திருக்கும், பெருவிரலை மடக்கும் பலம் குறையும், அதிகம் நின்றால் மாலையில் கால் வீங்கும். சில மாதங்கள் கடலை மறந்துதான் இருக்கவேண்டும். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவை இப்போதே யோசித்து வையுங்கள். சத்திரசிகிச்சை அரச ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் உழைப்பு நின்றுபோகிற மாதங்களில் அடுப்பெரிய வேண்டுமே. இதைச் சொல்லிக்கொடுக்க வாட்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இனி, ஏன் சுரண்டி எடுக்கக்கூடாது? இந்தக் கட்டி பல் உருவாகும் திசுவிலிருந்து வருவது. வலியில்லாமல், அவசரமில்லாமல் வளரும். வெளியே பார்த்தால் ஒரு உருண்டைதான். ஆனால் அது எலும்பின் பஞ்சு போன்ற உள்பகுதிக்குள் கண்ணுக்குத் தெரியாத வேர்களை விட்டிருக்கும். சுரண்டினால் உருண்டை வரும், வேர் வராது. சில வருடங்கள் நன்றாக இருந்துவிட்டு, இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படித் திரும்பியவர்களில் பலருக்கு, முதல் தடவையே சரியாக எடுத்திருந்தால் இதைவிடச் சின்னத் துண்டோடு போயிருக்கும். அதனால்தான் கட்டியின் ஓரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை சென்ரிமீற்றர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறார்கள். சிறியதாக இருக்கும்போதே பிடிபட்ட சில வகைகளுக்குச் சுரண்டுவது பொருந்தும். பல் ஆடுகிற அளவுக்குப் பரவிவிட்ட உங்கள் கணவருடையது அந்தக் கணக்கில் வராது என்றே நினைக்கிறேன்.

எலும்பு எடுத்த இடத்தில் இடுப்பிலிருந்து வெறும் எலும்புத் துண்டை வெட்டி வைப்பதும் உண்டு. இடைவெளி ஐந்து ஆறு சென்ரிமீற்றருக்குள் இருந்து, சுற்றியுள்ள சதை ஆரோக்கியமாகவும் இருந்தால் அது ஒட்டும். அதற்கு மேல் நீளமென்றால் அந்தத் துண்டுக்கு இரத்தம் போய்ச் சேருவதற்குள் அது கரைந்தோ சீழ் பிடித்தோ போய்விடும். கால் எலும்பை எடுக்கும்போது அதற்குச் சோறு போடுகிற இரத்தக் குழாயையும் சேர்த்தே எடுக்கிறார்கள். வாழைக்குட்டியைக் கிழங்கோடு பெயர்த்து வேறு இடத்தில் நடுவது போலத்தான். எலும்பை இரண்டு மூன்று இடத்தில் ஆப்பு வடிவில் வெட்டி, தாடையின் வளைவுக்கு மடக்கி, டைட்டேனியம் தகட்டில் திருகாணி போட்டு நிறுத்துவார்கள். பிறகு அந்தக் குழாயைக் கழுத்தில் உள்ள குழாயோடு இணைப்பார்கள். குழாயின் வாய் இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். தைக்கிற நூல் தலைமயிரைவிட மெல்லியது. நுணுக்குக்காட்டி இல்லாமல் அது கண்ணுக்கே தெரியாது. தைக்கும்வரை இரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளிப்பை எடுத்தவுடன் வெளுத்துக் கிடந்த எலும்பின் ஓரத்தில் சிவப்பாக இரத்தம் கசியும். தியேட்டரில் அந்தக் கணத்தில் எல்லோரும் ஒரு மூச்சு விடுவோம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது பழகியதில்லை.

இந்த முறை நேற்று வந்ததல்ல. குழாயோடு இந்த எலும்பை எடுத்து இன்னொரு காலில் வைக்கலாம் என்று 1975இல் அவுஸ்திரேலியாவில் இயன் டெய்லர் காட்டினார். 1989இல் நியூயோர்க்கில் டேவிட் ஹிடால்கோ அதே எலும்பால் தாடை கட்டினார். இன்று உலகம் முழுவதும் பெரிய தாடை இடைவெளிக்கு முதலில் நினைப்பது இதைத்தான். நூறு பேருக்குச் செய்தால் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு வைத்த எலும்பு உயிரோடு பிடித்துக்கொள்ளும்.

சத்திரசிகிச்சைக்கு எட்டு மணித்தியாலம், சில வேளை பன்னிரண்டும் ஆகலாம். ஒரு குழு கழுத்தில், ஒரு குழு காலில் என்று ஒரே நேரத்தில் வேலை நடக்கும். வெளியே காத்திருக்கும்போது நேரம் போகிறதே என்று பயப்படாதீர்கள். வெளியே வரும்போது கழுத்தில் மூச்சுக்கு ஒரு துவாரமும் மூக்கில் சாப்பாட்டுக் குழாயும் இருக்கும், முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்கும். இரண்டு குழாய்களும் தற்காலிகமானவை. முதல் மூன்று நாள்தான் கண்டம். வைத்த சதை சூடாக இருக்கிறதா, வெளுக்கிறதா, நீலமாகிறதா என்று தாதியர் இரவு பகலாக மணிக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். குழாயில் இரத்தம் கட்டினால் உடனே திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். அப்படிக் கொண்டுபோனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். சீக்கிரம் போனால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அவர் சிகரெட் பிடிப்பவரா? அப்படியென்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். சிகரெட் அந்த மெல்லிய குழாய்களைச் சுருக்கிவிடும்.

சத்திரசிகிச்சைக்கு முன்பு வைத்தியரிடம் அவர் கேட்கவேண்டியவை இருக்கின்றன. காலின் இரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார்களா? அபூர்வமாகச் சிலருக்குப் பாதத்துக்கு முக்கிய இரத்த ஓட்டமே அந்த எலும்போடு போகிற குழாயில்தான் இருக்கும், அவர்களிடம் அதை எடுக்கக்கூடாது. கீழ் உதட்டின் உணர்வு என்ன ஆகும்? தாடைக்குள் ஓடுகிற நரம்பும் சேர்ந்து போவதால் அந்தப் பக்க உதடும் நாடியும் மரத்துப்போகும். உதடு அசையும், ஆனால் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பக்கவாதம் வந்துவிட்டதோ என்று பயந்துபோவார். கடைசியாக, பல். எலும்பு பொருந்திய பிறகு அதில் திருகாணிப் பல் வைக்க முடியும். ஆனால் எலும்பை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் வைப்பது என்பதைப் பல்லை நினைத்து முதலிலேயே தீர்மானித்திருந்தால்தான் அது நடக்கும். பல்லுக்கு இடமில்லாமல் வைத்த தாடையைப் படத்தில் பார்த்தால் அழகாக இருக்கும், இறால் ஒன்றைக் கடிக்க முடியாது.

கேள்வி: உம்மாவுக்கு 63 வயது. வெற்றிலை போடுபவர், சீனி வருத்தமும் உண்டு. கீழ் முரசில் புற்றுநோய். தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கவேண்டுமாம். அதற்கு முன்னர், நோயில்லாத பக்கத்திலும் நாலு பல்லைப் பிடுங்கவேண்டும் என்கிறார்கள். நோயை விட்டுவிட்டு ஏன் பல்லுக்குப் போகிறார்கள் என்று வீட்டில் சண்டை. புகையிலை போடாமல் பாக்கு மட்டும் போடுகிறேன் என்கிறார். அது பரவாயில்லையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, பல்லைப் பிடுங்கச் சொன்னவர் சரியான வேலை செய்கிறார். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் மெல்லிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுப் போகும். அதன் பிறகு அந்த எலும்பு வெளிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காயத்தை ஆற்றும் சக்தி அதற்கு இருக்காது. பழுதான ஒரு பல்லை இரண்டு வருடம் கழித்துப் பிடுங்கினால் கூட அந்தக் குழி மூடாமல், எலும்பு அழுகி, தோல் வழியே வெளியே வந்துவிடலாம். அப்படி வந்தபின் முழுத் தாடையையும் எடுத்துக் கட்டுவது இப்போது செய்வதைவிடப் பலமடங்கு கஷ்டம். அதனால் சந்தேகமான பற்களைக் கதிர்வீச்சு தொடங்க இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே எடுத்துவிடவேண்டும். பல நேரம் சத்திரசிகிச்சையின்போதே சேர்த்து எடுத்துவிடலாம், அப்படிச் செய்வார்களா என்று கேளுங்கள். கதிர்வீச்சைச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறு வாரமளவில் தொடங்குவது நல்லது. ஆகவே வீட்டுச் சண்டையில் நாள் போகவிடாதீர்கள்.

தாடையை எடுத்த இடத்தில் எலும்பு வைக்காமல் தகடு மட்டும் போட்டு விடலாம் என்று யாராவது சொன்னால், கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தத் தகட்டின் நிலை என்ன என்று கேளுங்கள். மெலிந்துபோன தோலைத் தகடு அறுத்துக்கொண்டு வெளியே வருவதும், மென்று மென்று தகடு முறிவதும் நடப்பதுண்டு. ஆனால் உம்மாவின் வயதிலும் சீனி வருத்தத்திலும் காலின் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். அப்போது கால் எலும்பு வேண்டாம். தோள்பட்டை எலும்பில் எடுக்கலாம், அந்தக் குழாய்கள் வயதானவர்களிடமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். தாடையின் பின் மூலை மட்டும் போனால், எலும்பே வைக்காமல் சதையால் மூடிவிடுவதும் நல்ல முடிவாக இருக்கலாம். நாடிப் பக்கம் முன் வளைவு போனால் மட்டும் எலும்பில்லாமல் விடக்கூடாது. நாக்குப் பின்னால் சரியும், எச்சில் நிற்காது.

பாக்கு பற்றி: பரவாயில்லை என்று சொல்ல என்னால் முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பாக்கு வாயின் உட்தோலை இறுக வைக்கும். வாய் முன்பு போலத் திறக்கவில்லை, மிளகாய் பட்டால் எரிகிறது என்று யாராவது சொன்னால், அந்த நாளே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். உம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வெற்றிலைத் தட்டைச் சுற்றித்தான் அவருடைய வயதுப் பெண்கள் கூடிப் பேசுகிறார்கள். அதைப் பிடுங்கும்போது அந்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: காட்டுக்குத் தேனெடுக்கப் போகிறவர்களைக் கரடி பாய்ந்தால் முகத்தைத்தான் பிடிக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாகும். அதுவரை என்ன செய்யவேண்டும்?
– வாசகர், வெருகல்

பதில்: மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உடைந்த தாடையோடு படுத்தால் நாக்கும் இரத்தமும் தொண்டையை அடைக்கும். முன்னால் குனிந்து உட்காரவிடுங்கள். மயக்கமென்றால் பக்கவாட்டில் கிடத்துங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். தண்ணீர் சுத்தமாகக் கிடைத்தால் மண்ணைக் கழுவிவிடுங்கள். பிய்ந்த தோல், மூக்கு, காது, எலும்பு எதுவாக இருந்தாலும் எறியாமல் ஈரத் துணியில் சுற்றி ஒரு பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேரே சதையில் படக்கூடாது. ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் தோலை ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள், முகத்தில் இரத்த ஓட்டம் அதிகம், அந்தச் சின்னப் பிடிப்பிலேயே அது பிழைத்துக்கொள்ளும். விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசி காட்டு விலங்குக் கடிக்கும் அவசியம் என்பதை வாட்டில் ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: என் தம்பி மோட்டார் சைக்கிளில் விழுந்து கன்ன எலும்பு உடைந்தது. அப்போது தலைக் காயம் பெரிதாக இருந்ததால் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது. ஒரு கண் உள்ளே போயிருக்கிறது, மேலே பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். இனிச் செய்ய முடியாது என்று ஊரில் சொல்கிறார்கள்.
– வாசகி, தம்பலகாமம்

பதில்: முதலில் உயிரைப் பார்த்தார்கள், அது சரிதான். கண்குழியின் அடித்தட்டு மிக மெல்லிய எலும்பு. அது உடைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பும் தசையும் கீழே உள்ள கன்னக் குழிக்குள் இறங்கிவிடும். இரண்டு வாரத்துக்குள் என்றால் மெல்லிய டைட்டேனியம் வலையை வைத்துத் தூக்கிவிடுவது எளிது. இப்போது எலும்பு தவறான இடத்தில் பொருந்திவிட்டது, எனவே அதைத் திரும்ப வெட்டி நகர்த்தவேண்டும். கஷ்டமான வேலைதான், முடியாத வேலை இல்லை. முகத்தின் எலும்புகளை இப்படித் துணிந்து வெட்டி நகர்த்தலாம் என்று பிரெஞ்சு மருத்துவர் போல் டெசியே 1967இல் ரோமில் நடந்த மாநாட்டில் காட்டிய நாளிலிருந்து இது செய்யப்பட்டு வருகிறது.

இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. சி.ரி. ஸ்கானை வைத்து நல்ல பக்கத்தைக் கணினியில் கண்ணாடிபோலத் திருப்பி, உடைந்த பக்கம் எப்படி இருக்கவேண்டும் என்று மாதிரி அச்சடித்து எடுக்கலாம். வலையை அந்த மாதிரியின் மேல் வைத்து வளைத்துவிட்டுத் தியேட்டருக்குப் போவார்கள். கண் வெளியே வரும், முகம் ஒத்துவரும். இரட்டைப் பார்வை மட்டும் முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் தசை தழும்பாகியிருக்கலாம். எலும்பை முதலில் சரி செய்துவிட்டு, பிறகு கண் தசை, கடைசியாக இமை என்ற வரிசையில்தான் போகவேண்டும். வரிசை மாறினால் செய்ததைத் திரும்பச் செய்யவேண்டி வரும். தம்பி மறுபடி சைக்கிள் ஓடுவாரென்றால் நாடியையும் மூடுகிற ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். நிலாவெளி றோட்டில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: எனக்கு 52 வயது. 2006இல் ஷெல் துண்டு பட்டு நாடி எலும்பும் கீழ் உதட்டின் ஒரு பகுதியும் போய்விட்டது. அந்த நேரம் தைத்து மூடினார்கள், அவ்வளவுதான். எச்சில் வடியும், பேச்சு விளங்காது. கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை. வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் சாப்பிடுகிறேன். இத்தனை வருடம் கழித்து ஏதாவது செய்யலாமா? இந்த வயதில் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.
– வாசகர், சம்பூர்

பதில்: அண்ணன், உங்கள் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. நீங்கள் கேட்பது அழகு இல்லை; வாயை மூடிச் சோறு தின்ன வழி கேட்கிறீர்கள். அதைக் கேட்க எந்த வயதும் பிந்திய வயதில்லை. 52 இதற்கு நல்ல வயது.

உங்களைப் போன்ற காயங்களில் இருந்துதான் இந்த மருத்துவமே வளர்ந்தது. முதலாம் உலகப் போரில் பதுங்கு குழியிலிருந்து தலையைத் தூக்கிய இளைஞர்களின் முகம்தான் முதலில் போனது. ஹரோல்ட் கில்லிஸ் என்ற நியூசிலாந்தில் பிறந்த மருத்துவர் 1917இல் லண்டனுக்குப் பக்கத்தில் சிட்கப் என்ற இடத்தில் இவர்களுக்கென்றே ஒரு ஆஸ்பத்திரியை நடத்தினார். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடந்தன. அந்தக் கணக்கைக் கவனியுங்கள், ஆளுக்கு ஒன்றல்ல, இரண்டு மூன்று. உங்களுக்கும் ஒரே தடவையில் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று எழுதுகிறேன். முன் வளைவு போனதால், மிஞ்சிய இரண்டு பக்கத் தாடையையும் தழும்பு உள்நோக்கி இழுத்திருக்கும். நாக்குக்கு முன்னால் பிடிப்பு இல்லை. உதட்டுக்குக் கீழே தாங்கலும் இல்லை, அதனால் எச்சில் நிற்காது. சி.ரி. ஸ்கானும் கழுத்துக் குழாய்களின் படமும் எடுத்துவிட்டு, முதலில் அந்தத் தழும்பை விடுவித்து இரண்டு பக்கத்தையும் பழைய இடத்துக்கு விரிக்கவேண்டும். விரித்தால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பிறகு மேலே திருக்கடலூர் தங்கச்சிக்கு எழுதிய அதே கால் எலும்பை, இந்தத் தடவை தோலோடு சேர்த்து எடுத்து, நாடியின் வளைவுக்கு மடக்கி வைப்பார்கள். அந்தத் தோல் வாயின் உட்புறத்தை மூடும். உதட்டுக்கு முன்னங்கையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து வைப்பதோ, மிஞ்சிய உதட்டையும் கன்னத்தையும் நகர்த்துவதோ பிறகு நடக்கும். கழுத்தில் பழைய காயத்தால் குழாய்கள் கெட்டிருந்தால் மற்றப் பக்கக் கழுத்துக் குழாயில் இணைக்கலாம், எட்டாவிட்டால் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து நீட்டலாம்.

இடைவெளி சிறியதாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசாரோவ் என்ற மருத்துவர் உடைந்த கால்களுக்குக் கண்டுபிடித்தது அது. எலும்பை வெட்டி, ஒரு கருவியில் பூட்டி, சில நாள் பொறுத்துவிட்டு, நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் மெதுவாக நகர்த்தினால் இடையில் புது எலும்பு தானே முளைக்கும். தாடைக்கு இதைச் செய்த விவரம் 1992இல் நியூயோர்க்கிலிருந்து வெளிவந்தது. வேறு இடத்தில் வெட்டத் தேவையில்லை என்பது இதில் நல்லது. ஆனால் மாதக்கணக்கில் அந்தக் கருவியோடு இருக்கவேண்டும், தினமும் திருகவேண்டும், கிளினிக்குக்கு அடிக்கடி வரவேண்டும். சம்பூரிலிருந்து பஸ் ஏறி வருகிற உங்களுக்கு அது எவ்வளவு சாத்தியம் என்பதையும் வைத்தியரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். என் அபிப்பிராயத்தில், நாடி முழுவதும் போனவருக்குக் கால் எலும்புதான் நம்பகமானது.

உடம்பில் இன்னும் ஷெல் துண்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் தோண்டி எடுக்கத் தேவையில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால், உள்ளே இரும்பு இருக்கிறது என்று கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் அதை அசைத்துவிடும்.

திருகோணமலை பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, முகம், தாடை சத்திரசிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்பலாம். போகும்போது மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பேசுவது டொக்டருக்கு விளங்காமல் போனால், விளங்காததை விட்டுவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விடும் அவசரம் கிளினிக்கில் இருக்கும். என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டால் 'முகத்தைச் சரியாக்கவேண்டும்' என்று சொல்லாதீர்கள். எச்சில் நிற்கவேண்டும், சோறு மெல்லவேண்டும், பேச்சு விளங்கவேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். அதை வைத்துத்தான் சத்திரசிகிச்சை திட்டமிடப்படும். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சத்திரசிகிச்சை நடக்கும்வரை காத்திருக்காதீர்கள். இன்றிரவே அண்ணனுக்கும் உங்களோடு சேர்த்து இலை போடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. பிறப்பிலேயே உதடும் அண்ணமும் பிளவு, இரண்டும் தைத்தாகிவிட்டது. இப்போது இடுப்பெலும்பை எடுத்து முரசில் வைக்கவேண்டும் என்கிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறான், ஏன்?
– ஆசிரியை, நிலாவெளி

பதில்: உதடும் அண்ணமும் மூடினாலும் முரசுக்குள் எலும்பில் இடைவெளி அப்படியே இருக்கிறது. அவனுடைய வேட்டைப்பல் அந்த இடத்தில்தான் இறங்கவேண்டும், இறங்க எலும்பு இல்லை. எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில், அந்தப் பல் வெளிவருவதற்கு முன் இடுப்பின் உள்ளிருக்கும் மென் எலும்பை எடுத்து அடைத்தால், பல் அதற்குள் ஊடுருவி இறங்கும். இறங்குகிற பல்லே எலும்பைக் கெட்டியாக்கிவிடும். பிந்தினால் அந்தப் பலன் குறையும். ஆகவே பள்ளி விடுமுறைக்காகத் தள்ளிப்போடாதீர்கள். வாயைவிட இடுப்புத்தான் முதல் வாரம் வலிக்கும், நொண்டி நடப்பான், பிறகு விளையாடப் போய்விடுவான்.

கேள்வி: டைட்டேனியத்தில் முழுத் தாடையையும் அச்சடித்துப் போடுகிறார்களாமே? பிறகு எதற்குக் காலை வெட்டவேண்டும்?
– வாசகர், பாலையூற்று

பதில்: உண்மைதான். 83 வயதுப் பெண்ணொருவருக்கு நெதர்லாந்தில் அப்படிச் செய்த செய்தி 2012இல் வந்தது. அந்த வயதில் நீண்ட சத்திரசிகிச்சை தாங்காது என்பதால் அது அவருக்குப் பொருந்தியது. ஆனால் உலோகம் உயிருள்ளதல்ல. கிருமி பிடித்தால் எதிர்க்காது, மெல்லிய தோலுக்குக் கீழே வருடக்கணக்கில் இருந்தால் வெளியே தலை காட்டும். அச்சடிக்கும் வித்தை எங்களுக்கு வேறு இடத்தில் அதிகம் உதவுகிறது. எலும்பை எந்தக் கோணத்தில் அறுப்பது என்று காட்டுகிற பிளாஸ்டிக் வழிகாட்டிகளை அச்சடித்துக் காலிலும் தாடையிலும் பொருத்தினால், வெட்டிய இரண்டு முகங்களும் இடைவெளியில்லாமல் சேரும். தியேட்டரில் மணித்தியாலங்கள் மிச்சமாகும்.

கேள்வி: அப்பாவுக்குத் தாடை கட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். குழாயை எடுத்துவிட்டார்கள். மெல்லக்கூடாதாம். பால் கஞ்சி கொடுத்துக் கொடுத்து அவருக்கு வெறுத்துவிட்டது, மெலிந்தும் போகிறார்.
– வாசகி, உப்புவெளி

பதில்: மகள், பால் கஞ்சியால் எலும்பு பொருந்தாது. மீனை முள்ளில்லாமல் எடுத்துச் சொதியோடு மிக்சியில் அரைத்து வடியுங்கள். விளைமீன், பாரை எதுவானாலும் சரி. பருப்பில் ஒரு முட்டையை அடித்துக் கலக்கிக் கொதிக்க வையுங்கள். குரக்கன் கஞ்சியில் தேங்காய்ப்பால் தாராளமாக விடுங்கள். நல்லெண்ணெயோ நெய்யோ ஒரு கரண்டி சேர்த்தால் குறைந்த அளவில் பலம் அதிகம். மூன்று வேளை என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பை கொடுங்கள். தேத்தண்ணீரும் கஞ்சியும் ஆறித்தான் இருக்கவேண்டும், மரத்துப்போன உதட்டுக்குச் சூடு தெரியாது. ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பற்களைக் கம்பியால் கட்டியிருந்தால் கம்பி வெட்டும் கருவியைத் தலைமாட்டிலேயே வையுங்கள், வாந்தி வந்தால் வெட்டத் தெரிந்தவர் ஒருவராவது வீட்டில் இருக்கவேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை நிறை பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தாலோ, தையலில் சீழோ எச்சிலோ கசிந்தாலோ கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் அன்றைக்கே வாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.